ஒரு விண்ணப்பத்தை முன்னிட்டு

கைவிடப்பட்டது என்ற சொல் கம்ப்யூட்டர் உலகில் மிகச் சுலபமாகப் புழங்குகிறது. ஒரு நிரலை எழுதியவர் சில வருஷங்கள் அதைத் தொடாமல் இருந்தால் போதும், அது கைவிடப்பட்டதாகிவிடுகிறது. பாழடைந்த கோயிலுக்கும் தெருவில் விடப்பட்ட குழந்தைக்கும் நாம் வைத்திருக்கும் சொல் இது. தன் வேலை முடிந்து எழுந்து போனவரின் காரியத்துக்கும் அதையே உபயோகிக்கிறோம். சொல்லுக்குள் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது: கைவிட்டவர் ஒருவர் உண்டு, அவர் விட்டிருக்கக் கூடாது. குற்றச்சாட்டை நிரூபிக்கும் பொறுப்பை மட்டும் யாரும் ஏற்பதில்லை.

நான் ஜீவனத்துக்கு நிரல் எழுதுகிறவன். அந்த வேலையையும் இந்தப் பக்கங்களில் எழுதுவதையும் கலக்காமல் வைத்திருப்பது என் வழக்கம். இம்முறை கலக்க நேர்ந்ததற்குக் காரணம் நான் எழுத வேண்டியிருந்த ஒரு விண்ணப்பம்.

விஷயம் சிறியது. நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு லைப்ரரியை உபயோகிக்கிறோம். (லைப்ரரி என்பது இங்கே புத்தகங்கள் இருக்கும் இடம் அல்ல. ஒருவர் எழுதி வைத்து, மற்றவர்கள் தங்கள் நிரலுக்குள் சேர்த்துக்கொள்ளும் நிரல் பகுதி.) வழக்கொழிந்த ஒரு கோப்பு வடிவத்தைப் படித்துத் தருவது அதன் வேலை. ஒரே மனிதர் எழுதியது. ஸி மொழியில் மூவாயிரத்துச் சொச்சம் வரிகள். கடைசியாக அவர் அதில் கைவைத்துப் பதினொரு வருஷங்கள் ஆகின்றன. இன்றும் பிசகாமல் வேலை செய்கிறது. ஆனால் அதைக் கட்டுவதற்கு அவர் கொடுத்திருப்பது கையால் எழுதிய ஒரு மேக்ஃபைல். எங்கள் இடத்தில் மற்ற எல்லாம் சிமேக்குக்கு மாறியாயிற்று. ஆகவே, சிமேக் ஆதரவு சேர்த்துத் தரும்படி அவருக்கு எழுதிக் கேட்பது என்று முடிவாயிற்று. எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. தமிழில் எழுதுகிறவன் இங்கிலீஷிலும் நயமாக எழுதுவான் என்ற நம்பிக்கைதான் காரணமாக இருக்க வேண்டும்.

இரண்டு வாக்கியத்தில் முடிய வேண்டிய கடிதம். நான்கு நாட்கள் எழுதாமல் வைத்திருந்தேன்.

*

கட்டுவது என்று சொன்னேன். நிரலை எழுதுகிற பாஷையை மனிதன் படிக்கலாம். இயந்திரம் அப்படியே ஓட்ட முடியாது. அதை இயந்திரத்துக்கு ஏற்ற வடிவில் மாற்றிக் கொடுக்க வேண்டும். எந்தக் கோப்பை முதலில் மாற்றுவது, ஒன்றைத் திருத்தினால் வேறு எவற்றையெல்லாம் மறுபடி மாற்றுவது, கடைசியில் எல்லாவற்றையும் எப்படிச் சேர்ப்பது என்பனவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கவும், எழுதி வைத்தபடி செய்யவும் கருவிகள் தோன்றின.

1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக் என்ற கருவியைச் செய்தார். மேக்ஃபைலில் கட்டளை வரி ஒவ்வொன்றும் டாப் என்ற குறியில் தொடங்க வேண்டும். அதற்குப் பதிலாகச் சாதாரண இடைவெளிகளைப் போட்டால் ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், வெறும் வெற்றிடம். இது உபத்திரவம் என்பது அவருக்கே சீக்கிரம் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், கருவியை உபயோகிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் எழுதியவை கெட்டுவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்குக் காட்டிய தாட்சண்யத்தை அரை நூற்றாண்டாக உலகம் அனுபவித்துக்கொண்டிருக்கிறது. ஒரு டஜன் வாசகர்களை நம்பி நடக்கும் காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நமக்கு இது ஆறுதலா எச்சரிக்கையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மேக்கின் சிரமங்களைக் குறைக்க மற்றக் கருவிகள் வந்தன. யூனிக்ஸ் வகைகள் பெருகி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நிலையில் 1991இல் ஆட்டோகான்ஃப். மருத்துவப் படங்களை ஆராயும் ஒரு நிரல் தொகுதியை யூனிக்ஸிலும் விண்டோஸிலும் ஒருசேரக் கட்ட வேண்டும் என்ற தேவையிலிருந்து, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பண உதவியோடு, 2000 வாக்கில் கிட்வேர் நிறுவனத்தார் செய்தது சிமேக். அதுவும் கனத்துவிட்டது என்று 2010களில் மெசான். ஒவ்வொன்றும் நியாயமான காரணத்தோடுதான் வந்தது. ஆனால் ஒவ்வொன்றும் வந்து ஸ்திரப்படும்போது, அதற்கு முன் ஒழுங்காக இருந்த லைப்ரரிகளில் ஒரு பகுதி, ஒரு எழுத்துக்கூட மாறாமலே, பழையதாகிவிடுகிறது. புறவழிச் சாலை போட்டபின் ஊர் ஒதுங்கிப்போய்விட்டது என்கிறோம். ஊர் எங்கேயும் போகவில்லை.

எனவே அந்த மனிதரிடம் நாங்கள் கேட்கவிருந்தது, அவர் செய்யாமல் விட்ட ஒன்றை அல்ல. அவர் எழுதி முடித்தபின் நாங்கள் மாறிப்போனதற்கு ஒரு பரிகாரம் கேட்கவிருந்தோம்.

*

ஆனால் இதை இப்படியே நிறுத்திக்கொண்டால் எழுதியவன் பக்கம் மட்டும் பேசியதாகும். எழுதுகிறவர்களுக்கு அது பிடித்த பக்கம். மறுபக்கத்துக்கும் உண்மை உண்டு.

பீஸிப்2 என்பது கோப்புகளைச் சுருக்கி வைக்கும் லைப்ரரி. ஜூலியன் ஸீவர்ட் 1996இல் வெளியிட்டார். லினக்ஸ் இயந்திரங்கள் அனேகமாக எல்லாவற்றிலும் அது இடம்பெற்றது. 2010 செப்டம்பரில் 1.0.6 என்ற பதிப்பு வந்தது. பிறகு கிட்டத்தட்ட ஒன்பது வருஷங்கள் எதுவும் வரவில்லை. ஸீவர்ட் சோம்பல்காரர் அல்லர். நிரல்களில் ஒளிந்திருக்கும் நினைவகப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் வால்கிரைண்ட் என்ற கருவியைத் தொடங்கியவரும் அவர்தான். சுருக்கும் நிரல் சுருக்கிக்கொண்டிருந்தது. அதில் செய்ய வேண்டியது பெரிதாக மிச்சமில்லை.

அவர் கொடுத்திருந்ததும் கையால் எழுதிய மேக்ஃபைல்தான். பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் வடிவில் லைப்ரரியைக் கட்டுவதற்கு இன்னொரு மேக்ஃபைல். விண்டோஸுக்கு மூன்றாவது ஒன்று. லினக்ஸைத் தொகுத்து விநியோகிப்பவர்கள் தங்களுக்கு வேண்டிய ஒட்டுகளைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிக்கு ஒரு பதிப்புப் பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லித்தான் மற்ற நிரல்கள் அதைத் தேடும். டெபியனில் அந்தப் பெயர் 1.0 என்று முடிகிறது. ஃபெடோராவில் 1 என்று முடிகிறது. உள்ளே சரக்கு ஒன்றேதான். ஆனால் ஓரிடத்தில் கட்டிய நிரலை மற்ற இடத்தில் ஓட்டினால், லைப்ரரியைக் காணோம் என்று நின்றுவிடும். ஸீவர்ட் எழுதிவைத்த பெயர் 1.0 என்று முடிவது. அது கண்ணெதிரில் இருந்தும் ஊருக்கொரு பெயர் நிலைத்துவிட்டது. கேட்டுத் தீர்க்க ஒரு மையம் இல்லாமல் போனால் நேர்வது இதுதான்.

2019இல் அதில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. சுருக்கிய கோப்பை விரிக்கும்போது, கோப்புக்குள் எழுதியிருக்கும் ஓர் எண்ணிக்கையை நிரல் போதிய அளவு சரிபார்க்காமல் நம்பிற்று. வேண்டுமென்றே தப்பாகத் தயாரித்த கோப்பைக் கொடுத்தால் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தில் எழுதிவிடும். அந்த ஜூன் 27இல் 1.0.7 வந்து குறையைத் திருத்திற்று. திருத்தம் அளவுக்கு மீறிக் கண்டிப்பாக அமைந்துவிட்டது. அதுவரை ஒழுங்காக விரிந்த சில கோப்புகள் மறுக்கப்பட்டன. யாரோ எங்கோ வேறு நிரலைக்கொண்டு சற்றே பிசகாகச் சுருக்கி வைத்த கோப்புகள் அவை. ஜூலை 13இல் 1.0.8 வெளியிட்டு அந்தக் கண்டிப்பைத் தளர்த்த வேண்டியிருந்தது. பதினாறு நாட்கள். ஒன்பது வருஷங்கள் அசையாமல் இருந்ததை அசைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

பழைய 1.0 வரிசையை மார்க் வீலார்ட் கவனித்துக்கொண்டார். அடுத்த கட்ட வேலையை ஃபெடெரிகோ மேனா-கின்டேரோ எடுத்துக்கொண்டார். இவர் முதலில் செய்தவற்றில் ஒன்று, சிதறிக் கிடந்த ஒட்டுகளைத் திரட்டி, மெசானுக்கும் சிமேக்குக்கும் வழி செய்தது. மற்றொன்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கிடைத்த பழைய வெளியீடுகளையெல்லாம் தேடி வரிசையாக அடுக்கி, எந்தப் பதிப்பில் எது மாறிற்று என்ற சரித்திரத்தைத் திரும்ப அமைத்தார். பழைய இதழ்களுக்காக வீடு வீடாக அலைந்தவர்களுக்கு இந்த வேலையின் சுபாவம் தெரியும். புதிய கருவியைச் சேர்ப்பதற்கு முன் அவர் பழையதைப் படித்தார். 2021இல் அவரும் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தார்.

ஆக, எழுதியவர் மௌனமாக இருந்த காலத்தில் யாருக்கும் நஷ்டமில்லை என்று சொல்ல முடியாது. நஷ்டம் இருந்தது. அது தீர்ந்தது யாரோ கேட்டதால் அல்ல. இரண்டு பேர் வந்து சுமந்ததால்.

*

என்னை எழுதவிடாமல் செய்தது ஆதரவு என்ற வார்த்தை. சிமேக் ஆதரவு சேர்க்கவும். நமது மொழியில் கைவிடப்பட்டவர்களும் ஆதரவற்றவர்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள். தன் படைப்பைக் கைவிட்டவர் என்று ஒருவரைச் சொல்லிவிட்டு, அவரிடமே போய் ஆதரவு கேட்கிறோம். இதிலுள்ள முரண் இங்கிலீஷில் எழுதும்போது தெரிவதில்லை.

ஆதரவு என்றால் என்னென்ன? அவர் ஒருவேளை அறியாத, அறிய வேண்டிய அவசியமில்லாத ஒரு கருவியைக் கற்க வேண்டும். தன்னிடம் இல்லாத இயந்திரங்களில் கட்டிப் பார்க்க வேண்டும். சிமேக் புதிய பதிப்பு வந்து பழைய வழக்கத்தை நிறுத்தினால் திருத்த வேண்டும். நாளைக்கு வேறொருவர் வந்து, சிமேக் சரி, மெசான் எங்கே என்றால் பதில் சொல்ல வேண்டும். ஒரு முறை கொடுத்துவிட்டுப் போகும் பொருள் அல்ல அது. ஒரு இருப்பு.

அவருடைய உரிமப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், எதற்கும் நான் ஜவாப்தாரியல்ல என்று பதினொரு வருஷங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறார். நாங்கள் கேட்கக்கூடியதையெல்லாம் முன்கூட்டியே தந்தாயிற்று. தராதது ஒன்றே ஒன்று, அவர் தம்மை. விண்ணப்பத்தை இழை இழையாகப் பிரித்தால் கடைசியில் மிஞ்சுவது, நீங்கள் திரும்பி வந்து இருங்கள் என்பதுதான்.

நம் வட்டத்தில் இதைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். பலரிடமும் கேட்கப்பட்டும் இருக்கிறது. 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ 119 இதழ்களுக்குப் பின் 1970இல் நின்றது. அது கைவிடப்பட்டது என்று இன்று யாரும் சொல்வதில்லை. நின்றது என்கிறோம். அந்த மரியாதை 119 இதழ் கண்டதற்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை; ஏழாவது இதழோடு நின்றதற்கும் உண்டு. ஏன் நிறுத்திவிட்டீர்கள், மறுபடி கொண்டுவாருங்கள் என்று கேட்பவர்களில் எத்தனை பேர் சந்தா கட்டியவர்கள், எத்தனை பேர் மெய்ப்புப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தர முன்வந்தவர்கள் என்ற கணக்கை அந்தந்த ஆசிரியர்கள்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்.

*

அப்படியானால் கேட்காமல் செய்து கொடுத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றிற்று. முப்பது வரி சிமேக் கோப்பை எழுதி அவருக்கு அனுப்பிச் சேர்த்துக்கொள்ளச் சொல்வது நாகரிகமான காரியம். 2024க்கு முன்பாக இருந்தால் யோசிக்காமல் செய்திருக்கலாம்.

எக்ஸ்-இஸட் என்பதும் கோப்புகளைச் சுருக்கும் நிரல்தான். லாஸ்ஸே காலின் அதைத் தனியாளாகக் கவனித்து வந்தார். 2022இல் அவருக்கு நெருக்குதல்கள் வந்தன. ஒட்டுகள் தேங்கிக் கிடக்கின்றன, உங்களால் முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சில பெயர்கள் திரும்பத் திரும்ப எழுதின. தமக்கு மனநலக் குறைவு இருப்பதையும், இது சம்பளமில்லாமல் செய்யும் வேலை என்பதையும் அவர் சொல்ல வேண்டி வந்தது. தன் அந்தரங்கத்தைத் திறந்து காட்டித்தான் ஒருவர் அவகாசம் வாங்க முடிந்தது. அதே சமயத்தில், பொறுமையாக, ஒழுங்காக, உதவிக்கு ஒருவர் வந்துகொண்டிருந்தார். படிப்படியாகப் பொறுப்பு அவர் கைக்குப் போயிற்று. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தூரத்திலிருந்து இயந்திரங்களுக்குள் நுழையும் ஒரு கள்ளக் கதவு இருந்தது. நெருக்கிய பெயர்களைப் பின்னால் தேடியபோது அவற்றுக்குப் பின்னே அடையாளம் தெரிந்த மனிதர் எவரும் அகப்படவில்லை.

நான் இங்கே கவனிக்கச் சொல்வது விஷம் வைத்த இடத்தை. லைப்ரரியின் நிரலை வாசித்தால் அது தெரியாது. சோதனைக்கு என்று வைத்த கோப்புகளுக்குள் ஒளித்து, அதை வெளியே எடுத்துச் சேர்க்கும் வேலையைக் கட்டும் குறிப்பில் வைத்திருந்தார்கள். அதுவும் எல்லோரும் பார்க்கும் மூலத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிய பொதியில் மட்டும். சிமேக் கோப்பில் வேறொரு காரியம் நடந்திருந்தது. ஒரு பாதுகாப்பு வசதி இயந்திரத்தில் இருக்கிறதா என்று சோதிக்கும் துணுக்கு நிரலில், ஒரு வரியின் ஆரம்பத்தில், தனியாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளியால் சோதனை எப்போதும் தோற்கும். வசதி இல்லை என்று முடிவாகும். நிரல் பாதுகாப்பில்லாமல் கட்டப்படும். ஒற்று விழுந்ததோ விழவில்லையோ என்று நாம் சண்டை போடுகிற அளவுள்ள ஒரு புள்ளி. கட்டும் குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதை அறிந்தவர்கள் செய்த வேலை. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் இயந்திரத்துக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்து, விடாமல் துருவி, 2024 மார்ச் 29இல் வெளிப்படுத்தினார். அரை நொடியைப் பொருட்படுத்துகிற ஒருவர் இல்லாதிருந்தால் அது எவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்பது ஊகம்தான்.

இப்போது அந்தப் பழைய மனிதரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவன் பதினொரு வருஷங்களுக்குப் பின் எழுதுகிறான். பணிவாக எழுதுகிறான். கையோடு ஒரு கட்டும் குறிப்பைக் கொண்டுவந்து, சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறான். உபத்திரவம் செய்கிறவனும் உதவ வருகிறவனும் திருட வருகிறவனும் இப்போது ஒரே மாதிரிக் கடிதத்தைத்தான் எழுதுகிறார்கள். என் யோக்கியதைக்கு என் கடிதத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவர் சந்தேகப்பட்டால் அது நியாயம். சந்தேகப்படாவிட்டால் எனக்குக் கவலையாக இருக்கும்.

*

கடைசியில் செய்தது இது. முப்பது வரிகளை எழுதினேன். அவருடைய மூலத்தில் கைவைக்காமல், அதை அப்படியே தனியாக வைத்து, அதைக் கட்டும் குறிப்பை மட்டும் எங்கள் பெயரில் பொதுவில் வைத்தேன். இது இன்னாருடைய நிரல், கட்டும் குறிப்பு மட்டும் எங்களுடையது, இதில் கோளாறு வந்தால் அவரைக் கேட்க வேண்டாம், எங்களைக் கேட்கவும் என்று மேலே எழுதினேன். இந்தக் கடைசி வாக்கியத்துக்கு அலுவலகத்தில் சம்மதம் வாங்கத்தான் அதிக நேரம் பிடித்தது. கேட்பதற்கு உடனே சம்மதித்தவர்கள் கேட்கப்படுவதற்குச் சம்மதிக்க மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன.

பிறகு அவருக்கு எழுதினேன். விண்ணப்பம் அல்ல, தகவல். உங்கள் லைப்ரரியை இன்ன காரியத்துக்கு உபயோகிக்கிறோம், நன்றாக வேலை செய்கிறது, கட்டுவதற்கு இப்படி ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம், உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் சொல்லவும், இல்லையென்றால் பதில் தேவையில்லை.

ஐந்து வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. சிமேக் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு குறிப்பிட்ட பகுதியைச் சொல்லி, எண்களின் பைட்டுகளைத் தலைகீழ் வரிசையில் வைக்கும் இயந்திரங்களில் அது சரியாக வருகிறதா, அத்தகைய இயந்திரம் அப்போது தம்மிடம் இல்லாததால் அந்த இடத்தில் மட்டும் தமக்குச் சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது, உங்களால் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். நாங்கள் கைவிடப்பட்டது என்று ஏட்டில் குறித்து வைத்திருந்த லைப்ரரியின் ஒரு வரியை அவர் பதினொரு வருஷங்களாக நினைவில் வைத்திருந்தார்.

அப்படிப்பட்ட இயந்திரத்தைப் போல நடிக்கும் நிரல் ஒன்றில் ஓட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. எழுதித் தெரிவித்தேன். அதற்குப் பதில் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

முப்பது வரிகளுக்கு இப்போது நாங்கள் பொறுப்பு. நடைமுறையில் நாங்கள் என்றால் நான். சிமேக்குக்குப் பிறகு ஒன்று வரும். நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன், அல்லது வேலையே செய்யாத வயதில் இருப்பேன். அன்றைக்கு எழுதப்போகிறவர் என்னிடம் எதையும் கேட்கலாம். முன்னதாக அந்த முப்பது வரிகளை அவர் ஒரு முறை படித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்கிறேன்.